ஒரே எழுத்துருவுக்கு எத்தனை முறை காசு?

நான் வலைதளம் செய்துகொடுக்கும் பாத்திரக் கடையின் பெயர்ப்பலகையில் இருக்கும் அதே தமிழ் எழுத்துரு வலைதளத்திலும் வேண்டும் என்கிறார் உரிமையாளர். நியாயமான ஆசை. எழுத்துருவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ரசீதும் கையில் இருக்கிறது. ஆனால் நாம் வாங்கியது டெஸ்க்டாப் உரிமமாம், அதாவது கணினியில் நிறுவிப் பயன்படுத்த மட்டும்! வலைதளத்துக்குத் தனி உரிமம், மொபைல் செயலிக்கு வேறு, மின்னூலுக்கு இன்னொன்று. வலை உரிமத்திலும் மாதத்துக்கு இத்தனைப் பார்வைகள்தான் என்று உச்சவரம்பு. கடைக்குக் கூட்டம் வந்தால் எழுத்துருக்காரருக்கும் படியளக்க வேண்டும்.

சரி, அந்த வலைக் கோப்பில் அப்படி என்ன புதுச் சரக்கு? வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2012இல் தரப்படுத்திய வோஃப் என்ற வலை எழுத்துருக் கோப்பு, கணினியில் நிறுவும் பழைய டிடிஎஃப் கோப்பின் அட்டவணைகளைச் சுருக்கிக் கட்டிய பொதி, அவ்வளவுதான். 2018இல் தரமாக ஏற்கப்பட்ட வோஃப்2, புரோட்லி என்ற சுருக்க முறையில் இன்னும் இறுக்குகிறது. எழுத்தின் வடிவம் இம்மியும் மாறுவதில்லை. அரிசியை மூட்டையிலிருந்து பைக்கு மாற்றிவிட்டு மறுபடியும் அரிசி விலை கேட்கிறார்கள். இலவசக் கருவியில் நானே நொடியில் மாற்றிவிடுவேன். ஒப்பந்தம் அதையும் தடுக்கிறது.

இதற்குமேல், பார்வைகளை எண்ண, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில், வெளிக் கோப்பை அழைக்கும் ஓர் இம்போர்ட் வரி. பக்கம் திறக்கும்போதெல்லாம் அது எழுத்துருக்காரர்களின் சர்வருக்கு ஓடுகிறது. அங்கே தாமதமானால் இங்கே குக்கர் விலை பார்க்க வந்தவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வேண்டாதவற்றை நீக்கி அவர்களே சிறிதாக்கித் தந்த கோப்பின் லட்சணமோ இன்னும் மோசம். கு, மு, சு போன்ற எழுத்துகளுக்கு, கணினியில் எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தனி எண் கிடையாது. மெய்யையும் உகரக் குறியையும் சேர்த்து எழுத்துருவின் மாற்றீட்டு அட்டவணைதான் அவற்றைக் கொண்டுவரும். எண் இல்லாதவை எல்லாம் வேண்டாதவை என்று அந்த அட்டவணையையே வெட்டி எறிந்திருக்கிறார்கள். குத்துவிளக்கின் ‘கு’ இரண்டு துண்டாக நிற்கிறது. சரியாக வெட்ட எனக்குத் தெரியும், அனுமதிதான் இல்லை.

“நோட்டோ, ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கிறதே” என்பார்கள். நல்ல எழுத்துருக்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது அவை அல்லவே!

வரைந்தவருக்குக் கூலி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழுக்கு நல்ல எழுத்துரு வரைவது பெரும்பாடு. அச்சு, வலை, செயலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். இரண்டு மடங்காகவே இருக்கட்டும், கடைக்காரரிடம் பேசி வாங்கித் தருகிறேன். மாதாமாதம் தலையை எண்ணிக்கொண்டு வாசலில் வந்து நிற்காதீர்கள்.