பாலத்தின் மேல் கம்பி எதற்கு?
டிராலி பஸ் என்பது சாலைக்கு மேலே கட்டிய மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ். பாம்பன் சாலைப் பாலத்தில் கம்பி கட்ட முடியாது, அதனால் ராமேஸ்வரத்துக்கு அது சரிவராது என்கிறது ஒரு கட்டுரை. பாலத்தில் கட்டவே வேண்டாமே; கம்பி உள்ள இடத்தில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு, மற்ற இடத்தில் அதிலேயே ஓடலாம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கி.மீ.; உச்சிப்புளிப் பக்கம் 25 கி.மீ. மட்டும் கட்டினால் போதும். ஏசி பஸ்ஸுக்கு கி.மீ.க்கு 1.5 யூனிட் என்று வைத்தால், 40 கி.மீ. வேகத்தில் ஓட்டத்துக்கு 60 கிலோவாட். கம்பியில் 160 இழுத்தால் மிச்சம் 100 பேட்டரிக்கு. போக வர கம்பிக்குக் கீழே 50 கி.மீ., அதாவது ஒன்றேகால் மணி நேரம்; சுமார் 125 யூனிட் ஏறும். கம்பியில்லாத 60 கி.மீ.க்கு 90 போதும்.

நிறுத்தத்தில்தான் கவனம் வேண்டும். 600 வோல்ட்டில் 160 கிலோவாட் என்றால் 265 ஆம்பியருக்கு மேல். ஓடும்போது, கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கார்பன் கட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். நின்றால் ஒரே புள்ளி சூடேறி செம்பு இளகும். நின்றதும் சார்ஜ் தானாகக் குறைய வேண்டும்.

உண்மையான எதிரி கடல் காற்றின் உப்புதான். ரப்பர் டயர் வண்டிக்கு எர்த் கிடையாது. விடியல் பனியில் கூரை இன்சுலேட்டர் மேல் உப்பு நனைந்தால் கசிவு மின்சாரம் பாடிக்கு வரும், தரையில் நின்று கைப்பிடியைத் தொடுபவருக்கு ஷாக். இரட்டை இன்சுலேஷன், நல்ல தண்ணீரில் கழுவல், டிப்போவை விட்டுக் கிளம்புமுன் தினமும் கசிவுச் சோதனை: இதற்கு ஆள் போடாமல் டெண்டர் விடக்கூடாது.