காசு நம்முடையது, பூட்டு அவர்களுடையது

ஐபோனில் மெமரி கார்டு போட இடமே கிடையாது. 2007-இல் வந்த முதல் மாடலிலிருந்தே அப்படித்தான். இடம் போதவில்லையா, ஆப்பிள் நிறுவனத்தின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாத கோபம் செயலி விஷயத்தில்தான். தங்கள் செயலிக் கடையான ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றினால் ஆபத்து என்று ஆப்பிள்காரர்கள் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதும், 2024 மார்ச்சில் அங்கே மட்டும் வேறு ஸ்டோர்களுக்கு வழிவிட்டார்கள். அதே போன்தான் இந்தியாவிலும் விற்கிறது, இங்கே பூட்டு திறக்கவில்லை. சார்ஜர் கதையும் இதேதான். எல்லா போனுக்கும் பொதுவாக யுஎஸ்பி-சி என்ற சார்ஜர் துளை கட்டாயம் என்று 2022-இல் அங்கே சட்டம் வந்தது, மறுவருஷமே ஐபோன் 15-இல் அந்தத் துளை வந்துவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய போனில் எதை ஏற்றுவது என்று நாம் ஏன் முடிவு செய்யக் கூடாது?