சின்க்ளேரின் 23 ஆண்டுகளும் எங்கள் ஊர்க் கோடையும்

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். கால்பந்தில் முன்கள வீராங்கனை என்றதும் எல்லோரும் முதலில் கோல் கணக்கைத்தான் கேட்கிறார்கள். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேரைப் பற்றிப் பேசினாலும் 190 என்ற எண்ணில் வந்து நின்றுவிடுகிறார்கள். சர்வதேசப் போட்டிகளில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் அத்தனை கோல் போட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் என் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்பும் எண் 23. பதினாறு வயதில், 2000ஆம் ஆண்டு நாட்டுக்காக ஆடத் தொடங்கியவர், 2023 டிசம்பரில்தான் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். அதற்குள் 331 ஆட்டங்கள் ஆடியிருந்தார். (அவர் பிறந்த தேதி ஜூன் 12. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் என்பதால் எங்கள் பிள்ளைகள் அதை மட்டும் மறப்பதே இல்லை.)

கோல் போடும் திறமை பிள்ளையிடம் இருக்கிறது. ஆண்டுகளை யாராவது ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். சின்க்ளேருக்கும் அது தானாக அமைந்துவிடவில்லை. அமெரிக்காவில் போர்ட்லாந்துப் பல்கலைக்கழகம் அவருக்குக் கல்லூரிக் காலத்தைக் கொடுத்தது. அதன்பின் அங்கே தொழில்முறை லீக்கில் சேர்ந்து, 2010இல் எஃப்.சி. கோல்டு பிரைடு அணியோடு கோப்பை வென்றார். வென்ற கையோடு அந்தக் கிளப்பே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு வேறு அணிக்குப் போய் அங்கேயும் கோப்பை வென்றார். 2012இல் அந்த லீக்கே கலைந்துபோனது. 2013இல் புதிய லீக் பிறந்தபோது, தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்க, கனடிய, மெக்சிகோ கால்பந்துச் சங்கங்களே ஏற்றுக்கொண்டன. இப்படிச் சம்பளத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றதால்தான் போர்ட்லாந்து தார்ன்ஸ் அணியில் அவர் 2024 வரை, தம் 41ஆம் வயது வரை, ஆட முடிந்தது என்பது என் கருத்து. கனடாவின் சொந்தத் தொழில்முறை மகளிர் லீக் 2025இல்தான் தொடங்கியது என்பதால், உலகிலேயே அதிக கோல் போட்டவர் தம் நாட்டு மண்ணில் அப்படி ஒரு லீக்கில் ஒரு நாள்கூட ஆடாமலே ஓய்வுபெற்றார். 2023 மார்ச்சில் சக வீராங்கனைகளோடு கனடிய நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, ஆண்கள் அணிக்குச் சமமான ஊதியத்துக்காகவும் வசதிக்காகவும் அவர் பேச வேண்டியும் இருந்தது. அவருக்கே அந்த நிலைமை.

ஆட்டக்காரியாக அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் அவர் கோல் போடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராகத் தனியாளாக மூன்று கோல் போட்டும், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கனடா 4-3 என்று தோற்றது. நடுவரைப் பற்றிப் பேசியதற்காகப் பிறகு நான்கு ஆட்டத் தடையும் வாங்கினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே அமெரிக்கா, அதே அரையிறுதி. பெனால்டி கிடைக்கிறது. பந்து சின்க்ளேர் கையில். பழைய கணக்கைத் தீர்க்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் முந்தைய ஆட்டத்தில், சமநிலைக்குப் பின் வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி ஷூட்-அவுட்டில், அவர் அடித்த பந்தைப் பிரேசில் கோல்கீப்பர் தடுத்திருந்தார். பந்தை இளையவளான ஜெஸ்ஸி ஃப்ளெமிங்கிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றார். ஃப்ளெமிங் அடித்தது கோல். கனடா இறுதிக்குப் போய்த் தங்கமும் வென்றது. நெடுங்காலம் ஆடியவருக்குத்தான் அந்த நிதானம் வரும். பதினேழு வயதில் நிறுத்திவிட்டவளுக்கு அது வருவதற்கு வழியே இல்லை.

எங்கள் பிள்ளைகள் பதினேழில் நிறுத்துகிறார்கள். மாசி, பங்குனியில் உளுந்து எடுத்த வயலில், வரப்பையே எல்லைக்கோடாக வைத்துப் பழகுவோம். களிமண் வெடித்துக் கிடக்கும். நேராக வரும் பந்து வெடிப்பின் விளிம்பில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறும். அதை உள்ளங்காலால் அமுக்கி, அதே வீச்சில் இடப்பக்கம் தட்டிவிட்டுத் திரும்பும் பிள்ளை ஒருத்தி என்னிடம் இருந்தாள். அந்தத் திருப்பத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, வெடிப்புதான் சொல்லிக் கொடுத்தது. பிளஸ் டூ முடித்ததும் ஜவுளிக் கடை வேலைக்குப் போனாள். 2024 தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, சேலையை மடித்துக்கொண்டே, “டீச்சர், அந்த கனடா அக்கா இன்னும் ஆடுறாங்களா?” என்று கேட்டாள். “இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறாங்களாம்மா” என்றேன். “அவ்ளோ நாளா!” என்று சிரித்துவிட்டு அடுத்த சேலையை விரித்தாள்.

திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் ஆடிய தமிழ்நாடு அணி 2018இல் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. அவர் நடுக்கள ஆட்டக்காரர். அவருக்குக் காவல்துறையில் வேலை இருந்தது. 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஒப்பந்தமான முன்கள வீராங்கனை பாலா தேவியும் மணிப்பூர் காவல்துறையில் இருந்தவர்தான். நம் நாட்டில் பெண் ஆட்டக்காரியின் ஆண்டுகளை நீட்டிப்பது பெரும்பாலும் அந்தச் சம்பளமே. “பந்து அடிச்சா சோறு போடுமா?” என்று கேட்கும் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன், நியாயமான கேள்வி அது.

வேலை கொடுப்பது என் கையில் இல்லை. ஆனால் பள்ளியை முடித்த பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலையாவது ஓர் இடம் வேண்டும். ஊர்ப் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் பிடித்துவைத்திருக்கும் திடலில் அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். வயல்களிலும் இப்போது கோடைக்குப் பருத்தி போட்டுவிடுகிறார்கள். இந்தப் பங்குனியில் உளுந்து எடுத்தபின் பருத்தி போடாமல் ஒரு மா (ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு) நிலத்தை ஜூன் வரை விட்டுவைக்கக்கூடியவர்கள் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் யாரேனும் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். கோல் கம்பத்துக்கு மூங்கில் நான் கொண்டுவருகிறேன்.