அப்பாக்களை வாசலில் நிறுத்தாதீர்கள்

குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் கணவனுக்கு என்ன வேலை என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. எனக்கு இது எட்டாவது மாதம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கேள்வியெல்லாம் எனக்குத்தான். "அம்மா வீட்டுக்கு எப்ப போற? பத்தியம் யாரு ஆக்கிப் போடுவா? மாமியார் வந்து தங்குவாங்களா?" என் கணவரும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்ன தம்பி, பையனா பொண்ணா?"

பிள்ளை பெறுவது பெண்ணின் காரியம், ஆண் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கட்டும் என்ற பழக்கம் இன்றைய வீட்டுக்கு ஒத்துவராது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒத்துவந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

என் மாமியார் எல்பில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர். என் கணவர் வயிற்றில் இருந்தபோது, விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரம் வெட்டி, வாளி சுமந்து, நிறைமாதம் வரைக்கும் வேலை செய்திருக்கிறார். கேட்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அத்தை அந்தக் காலத்தைப் பேசும்போது அதிகம் சொல்வது வேலையைப் பற்றி அல்ல, பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி. அடுத்த வீட்டு அக்கா தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாராம். எதிர் லயத்துப் பாட்டி வந்து எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாராம். ஒரு வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பு வரும், இன்னொரு வீட்டிலிருந்து சுறாப்புட்டு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரைக் கூட்டிவர யாராவது ஒரு பையன் ஓடுவான். வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போகலாம். ஆண்கள் வெளியே நின்றார்கள் என்றால், உள்ளே ஒரு லயத்துப் பெண்களே நிறைந்திருந்தார்கள்.

அந்த லயம் இப்போது எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. எங்கள் வீட்டுக்கு இடது பக்கத்தில் இருப்பவர்கள் இருவரும் ஈப்போவில் வேலை செய்கிறார்கள், இருட்டிய பிறகுதான் கார் வந்து நிற்கும். வலது பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் சிங்கப்பூரில். எல்லோரும் நல்லவர்கள்தான், பார்த்தால் நின்று பேசுவார்கள். ஆனால் பகலில் எனக்கு ஒன்று என்றால் கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் கிடையாது. அத்தைக்கு முட்டி வலி, நாத்தனார் பிள்ளைகளையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். என் அம்மா இருப்பது குளுவாங்கில். ஒரு லயமே சேர்ந்து செய்ததைச் செய்ய எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். அவரையும் வெளியே நில் என்றால் எப்படி?

என் கணவர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவர் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "ஆம்பளை என்ன செய்ய முடியும்" என்பவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை.

கர்ப்பத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். எனக்குக் கூடுதலாக இருந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே கிளினிக்கில் யாரும் ஆச்சரியப்படவில்லை, என்ன சாப்பிடலாம் என்று மிஸ்ஸி, அதாவது தாதி, உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு சமையலா, ஒரு சமையலா என்ற பேச்சு வந்தது. ஒரே சமையல் போதும் என்றார் அவர். கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி, காலை ரொட்டி சானாய், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கும் பலகாரம் எல்லாவற்றையும் என்னோடு சேர்ந்து நிறுத்தினார். பக்கத்தில் ஒருவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்க, நாம் மட்டும் அவித்த முட்டையோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு தனிமை என்பது சர்க்கரை வந்த கர்ப்பிணிகளுக்குத் தெரியும். அந்தத் தனிமை எனக்கு வரவில்லை.

பிளாச்சான் (இறால் விழுது) வறுக்கும் வாடையே எனக்கு ஆகாது என்பதால் சம்பலை அவர் பின்கட்டில் அடுப்பு வைத்துச் செய்கிறார். சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் மாத்திரையின் இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும் என்று மிஸ்ஸி சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தேத்தண்ணி கிடையாது.

28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவைக் குறிப்பதற்கு ஓர் அட்டவணை கொடுத்தார்கள். காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கினால் 12 மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். வராவிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தத் தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவர், எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் கேட்பது "எத்தனை ஆச்சு?" என்றுதான். நான் கவனிக்கத் தவறினாலும் இன்னொருவர் கவனிக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் இரவில் கண்மூடுகிறேன்.

உறவினர்கள் பழைய குழந்தைத் துணிகளை மூட்டையாகக் கொடுத்தார்கள். அன்போடு கொடுத்தது. திறந்தால் பூச்சி வராமல் இருக்கத் துணிக்குள் போடும் பாச்சை உருண்டையின் வாடை. நம் நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டை ஆகவே ஆகாது, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். பரிசோதனை முடிவு பிறந்த பிறகுதான் தெரியும், ஆனால் துணியை இப்போதே தயார் செய்ய வேண்டுமே! அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, வாடை ஏறிய துணி முழுவதையும் ஒதுக்கிவிட்டார். இதைப் பார்த்த அத்தை, "ஏண்டா தம்பி, இதெல்லாம் ஆம்பள பாக்குற வேலையா?" என்றார். அத்தையிடம் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய காலத்தில் இதைச் செய்யப் பத்துப் பேர் இருந்தார்கள்.

கிளினிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரிசோதனை நாளில் உள்ளே பெண்கள் பிங்க் புத்தகத்தோடு (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) வரிசையாக உட்கார்ந்திருப்போம். வெளியே பார்த்தால் கணவன்மார்கள் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. உள்ளே வரலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். என் கணவர் முதல் தடவை உள்ளே வந்தபோது மிஸ்ஸி மகிழ்ச்சியோடு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இரத்த அழுத்தம் எவ்வளவு வரை சரி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் அவரிடமே விளக்கினார். புத்தகத்தில் ஒட்டும் வண்ணக் குறிகளின் பொருளையும் சொன்னார்: வெள்ளை, பச்சை என்றால் கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம், மஞ்சள் என்றால் நிபுணரிடம் காட்ட வேண்டும், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. நடுராத்திரியில் எனக்குத் தலை வலித்து, கண் மங்கி, பேச முடியாமல் போனால் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர் யார்? மோட்டார் சாவியைக் கையில் வைத்திருப்பவர்தானே?

அப்புறம் சட்டம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தாய்க்கு முன்பு 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 98 நாளானது. கணவனுக்கு முதல்முறையாகச் சம்பளத்தோடு 7 நாள் கிடைத்தது. திருமணமானவராக, அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்தவராக இருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை இந்த உரிமை உண்டு. கிடைத்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த 7 நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தலைகாட்டும், அடுத்த சில நாள்களில் ஏறும். இரத்தத்தில் அளவு பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு அலைய வேண்டும். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், மருத்துவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அறுவைச் சிகிச்சை நடந்த தாயால் பிள்ளையோடு இப்படி அலைய முடியுமா? இந்த அலைச்சல் முடிந்து, வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரத்தில் அப்பாவுக்கு விடுப்பு முடிந்திருக்கும். 7 நாளைப் பிரித்து எடுக்கவாவது அனுமதிக்கட்டும். இரண்டு நாள் பிரசவத்துக்கு முன்பு, கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும். மிச்சம், தாய் தனியாகிவிடும் அந்த இரண்டாம் வாரத்தில். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் குடிமக்களின் பிள்ளைகளுக்காக அப்பாக்களுக்கு 4 வாரம் கொடுக்கிறார்கள். நம் பையன்கள் பலர் அங்கேதான் உழைக்கிறார்கள், ஆனால் இங்கே பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு அது சேராது.

குத்தகைக்காரர்களிடம் வேலை செய்பவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு குத்தகைக்காரர் மாறினால் 12 மாதக் கணக்கு எப்படி நிறையும்? நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் லாரி ஓட்டுநர் யாரிடம் போய் விடுப்பு கேட்பார்? தோட்டப் பட்டணங்களில் நம்மவர்களில் பலருடைய பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. விடுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் கைக்கு அது எட்டுவதில்லை.

ஆண்கள் முன்னின்று முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, பதிவுகள். தீபகற்பத்தில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். எண் கணிதம் பார்த்து, பெயர் முடிவாகாமல், பெரியவர்களுக்குள் சண்டை வந்து நாள் கடந்துபோவதை நம் குடும்பங்களில் பார்க்கிறோம். அதைவிட முக்கியமானது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதியாவிட்டால் பிள்ளை மண உறவுக்கு வெளியே பிறந்ததாகக் கருதப்படும், அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்குப் போய்ச் சேராது. தாயிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லை என்றால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? பள்ளியில் சேர்க்கும்போது அல்ல, 12 வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது அல்ல, இப்போதே, வயிற்றில் இருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுங்கள்.

ஆலையில் விடுப்பைப் பற்றி முதலில் பேசியபோது மேற்பார்வையாளர் என் கணவரைப் பார்த்து, "பெக்கப்போறது நீயா?" என்று கேட்டாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவரும் திருமணமானவர், பிள்ளைகள் உள்ளவர்தான். என் கணவர் மறுபேச்சு பேசவில்லை, கடிதத்தை எழுதி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிரதி இப்போது என் பிங்க் புத்தகத்துக்குள் இருக்கிறது.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே, வீட்டில் ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்றால் இந்த வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள். மலாயில் எழுத வராது என்று தயங்காதீர்கள். அவர் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டு அடித்துத் தருகிறேன். பிரசவ வலி வரும்வரை நான் வீட்டில்தான் இருப்பேன்.