அது அதன் அம்மாவின் பிள்ளை

காலையிலிருந்து மூன்று பேர் எனக்கு ஒரே காணொளியை அனுப்பிவிட்டார்கள். ஒரு பெண்ணின் உள்ளங்கையில் அணில் பிள்ளை ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அவர் ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் பாலை ஊற்றுகிறார். கீழே "அன்புக்கு மொழி இல்லை", "நீங்கள் தாய்க்கும் மேல்" என்று நூற்றுக்கணக்கில் வாழ்த்துகள். "உங்களுக்குப் பிடிக்குமே" என்றுதான் எனக்கு அனுப்பினார்கள். என் கண் போனது அந்தப் பிள்ளையின் மூக்குக்கு. மூக்கு நுனியில் ஒரு சின்னப் பால் குமிழி. அது என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியது. விடிந்து கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தபோது, நின்றிருந்த நாற்பத்திரண்டு தென்னையில் ஐந்துதான் நிமிர்ந்து நின்றன. அப்பாயி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்போம். அவர் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த பிள்ளைகள் அவை. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் கொண்டையில், மட்டைக்கும் பன்னாடைக்கும் நடுவே, நாரும் பஞ்சும் வைத்துக் கட்டிய கூடு பிளந்து கிடந்தது. உள்ளே மூன்று அணில் பிள்ளைகள். இரண்டு விறைத்துவிட்டன. மூன்றாவது, தொட்டதும் வாயைத் திறந்தது. கண் இன்னும் திறக்காத, ரோமம் சரியாக முளைக்காத, விரல் நீளப் பிள்ளை. விலாவில் ஒரு கீறல்.

அன்றைக்கு எதையாவது காப்பாற்றியே ஆகவேண்டும் என்று இருந்தது எனக்கு. செருப்புப் பெட்டியில் துணி போட்டுப் படுக்க வைத்தேன். பசும்பாலைத் தண்ணீர் கலந்து இங்க் பில்லரில் எடுத்து, மல்லாக்கப் பிடித்து ஊற்றினேன். அப்பாயி எட்டிப் பார்த்தார். "முதலில் சூடு கொடு தாயி. நனைந்த ஆட்டுக்குட்டிக்கே உடம்பு சூடேறாமல் பால் கொடுக்க மாட்டோம்" என்றார். நான் கேட்கவில்லை. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் என்ன தவறு இருக்க முடியும் என்று நினைத்தேன். மறுநாள் வயிறு உப்பியது. கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் (எங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது) அது மூச்சு விடும்போது 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். மூக்கில் பால் குமிழி. விடியும்போது இல்லை.

விதி என்று சொல்லிப் புதைத்தேன். விதி இல்லை, பாதிக்கு மேல் நான் செய்ததுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. மல்லாக்கப் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் அது கவிழ்ந்த வாக்கில்தான் குடிக்கும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது வயிற்றில் விழும் பால் செரிக்காது. பசும்பாலின் சர்க்கரை அதற்கு ஒத்துக்கொள்ளாமல் கழிச்சலில் நீர் வற்றிப் போகும். இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் அவற்றுக்குத் தானாகச் சிறுநீர் பிரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். நான் மூன்று நாளும் பாலை உள்ளே ஊற்றினேனே தவிர, அது வெளியே போக வழி செய்யவே இல்லை.

இதைக் கூட அறியாமை என்று தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. அந்த மூன்று நாளும் ஓர் அணில் விழுந்த மரத்தின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. கொண்டைக்குப் போகும், பன்னாடைக்குள் நுழையும், வெளியே வந்து வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தும், திரும்பவும் போகும். "பாவம், நம்மைப் போலவே அதற்கும் வீடு போய்விட்டது" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அது வீட்டைத் தேடவில்லை. அது தேடிய பிள்ளை இருபதடி தள்ளி எங்கள் வீட்டு அலமாரிக்குள் செருப்புப் பெட்டியில் இருந்தது.

நாம் தூக்கிவரும் 'அநாதை'களில் பல அநாதைகளே அல்ல என்று அன்றிலிருந்து நம்புகிறேன். மட்டை வெட்டும்போதோ ஆடிக் காற்றிலோ கூடு விழுந்தால், தாய் பக்கத்து மரத்தில்தான் நிற்கும். நாம் அங்கேயே நின்றுகொண்டிருப்பதால் இறங்காது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. காயமில்லாத பிள்ளையென்றால், ஒரு சின்னக் கூடையில் துணி விரித்து, வெந்நீர் ஊற்றிய புட்டியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து, அதே மரத்தில் கை எட்டும் உயரத்தில் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். காகமும் பூனையும் அண்டாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். தாய் வந்தால் பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். பொழுது சாயும்வரை பொறுக்கலாம். அணில் இருட்டில் நடமாடாது. வராவிட்டால் இரவு உள்ளே எடுத்துச் சூடாக வைத்து, விடிந்ததும் மறுபடி அங்கேயே கொண்டு வையுங்கள்.

காயமென்றால், அதிலும் பூனை கவ்வியது என்றால், பேச்சே இல்லை, அன்றைக்கே கால்நடை மருத்துவர். பூனைப் பல் பட்ட இடம் ஊசி குத்தியது போல்தான் தெரியும். அதன் வாயிலிருக்கும் கிருமி ஓரிரு நாளில் அணில் பிள்ளையை முடித்துவிடும்.

2022 ஆடியில் எனக்கு வந்தது அப்படிப்பட்ட பிள்ளைதான். பக்கத்து வீட்டுப் பூனை வாயிலிருந்து என் மகன் பறித்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் கண் திறந்திருந்தது. பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டது. தொடையில் இரண்டு துளி ரத்தம். இந்த முறை பாலைத் தேடி ஓடவில்லை. துணியில் சுற்றி என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நின்ற வரிசையில் நானும் நின்றேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எடை பார்த்து, சொட்டுக் கணக்கில் மருந்து எழுதிக் கொடுத்து, "எலும்பு முறியவில்லை. ஆனால் இதை வளர்ப்பதும் விடுவதும் ஒரே வேலை, தனித்தனி இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். அந்த வார்த்தையை இன்னும் யாரும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

வனத்துறைக்கும் பேசினேன். பாதுகாக்கப்பட்ட காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அவர்களிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். எதிர்முனையில் பேசியவர், "அணில்தானே அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கோபம் வந்தது. யானைக்குட்டி தாயை இழந்தால் தெப்பக்காட்டில் முகாம் இருக்கிறது, பாகன் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். சரி, வேண்டியதுதான். அணிலையும் ஆந்தைக் குஞ்சையும் மரநாய்க் குட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்துப் பிள்ளை எங்கே போவான்? எங்கள் வட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. வட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவமனையில் ஒருவருக்காவது பயிற்சி கொடுத்து, இரண்டு கூண்டு வைக்க என்ன பெரிய செலவு? அது இல்லாததால்தான் எல்லாரும் காணொளி பார்த்துப் பால் ஊற்றுகிறோம்.

ஆறு வாரம் அது எங்களோடு இருந்தது. முதலில் வெதுவெதுப்பு. பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசல் சில சொட்டு. அதற்கும் பிறகுதான் டாக்டர் சொன்ன நாய்க்குட்டிப் பால்மாவு, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, கவிழ்த்துப் பிடித்து, சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால் ஒரு துளி மஞ்சள் பஞ்சில் இறங்கும். அந்தத் துளியைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

கடினமாக இருந்தது பால் இல்லை, மகன். "பேர் கூட வைக்கக் கூடாதா அம்மா?" என்றான். கூடாது என்றேன். தோளில் ஏற்றக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, நாய்க்குப் பக்கத்தில் விடக் கூடாது. பூனையையும் மனிதனையும் கண்டு பயப்படாத அணில் வெளியே ஒரு நாள் தாங்காது. அவனுக்குப் பத்து வயது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பேசாத அந்த வீம்பு எனக்குப் புரிந்தது. உத்தரப் பிரதேசத்து அமேதி ஆரிஃபையும் அவர் காப்பாற்றிய சாரஸ் கொக்கையும் மறந்திருக்க மாட்டீர்கள். கால் முறிந்து வயலில் கிடந்ததை எடுத்து ஆற்றினார். அது பறந்துபோகாமல் அவர் வண்டிக்குப் பின்னாலேயே பறந்து வந்தது. நாடே பார்த்து மகிழ்ந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை எடுத்துப்போய், கடைசியில் கான்பூர் உயிரியல் பூங்காவில் அடைத்தது. அவர் பார்க்க வந்தபோது அது கம்பிக்குப் பின்னால் துள்ளித் துள்ளி இறக்கை அடித்த காட்சியை என்னால் முழுவதும் பார்க்க முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதைக் கட்டிப் போடவில்லை. ஆனால் அந்தப் பாசம் உலகத்துக்கே வேடிக்கையான பிறகு, அந்தப் பறவைக்கு வயலும் இல்லை, ஆரிஃபும் இல்லை என்றாகிவிட்டது. குரங்குக் குட்டியை வளர்ப்பவர்கள் கதை இதைவிட மோசம். குட்டியாக இருக்கும்வரை இடுப்பில், வளர்ந்து கடிக்க ஆரம்பித்ததும் இடுப்பில் சங்கிலி.

ஐந்தாவது வாரம் கம்பி வலைக் கூண்டைக் கொய்யா மரத்தில் கட்டினோம். வெயில் படவேண்டும், கடலையும் பழமும் மட்டுமே தின்று வீட்டுக்குள் வளரும் அணிலுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு நொய்ந்து பின்னங்கால் விழுந்துவிடும். கொய்யாத் துளிரும் முருங்கைப் பூவும் மரப்பட்டைத் துண்டும் போட்டோம். அடிபட்ட கால் கொஞ்சம் அகன்றே நின்றது, ஆனால் ஏறியது. வெளி அணில்கள் வந்து கூண்டைச் சுற்றிக் கத்தின. அதுவும் திருப்பிக் கத்தப் பழகியது.

ஒரு காலையில் கதவைத் திறந்து கட்டினேன். நாற்பது நிமிடம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு கிளைக்குத் தாவியது. நான்கு நாள் சாயந்திரம் வந்து கூண்டிலிருந்த கிண்ணத்தில் தின்றுவிட்டுப் போனது. என்னைக் கண்டதும் கிளைக்குப் பின்னால் ஒளிந்தது. எனக்கு மனம் நிறைந்தது அப்போதுதான். ஐந்தாம் நாள் வைத்த கொய்யாத் துண்டு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. மகன் ஏறிப் போய்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தான்.