கண்ணாடியில் தெரிந்த மரம்

சென்ற அக்டோபரில் ஒரு நாள் காலை, சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் கட்டடத்தின் முகப்பில், பூஞ்செடிகளுக்கும் கண்ணாடிச் சுவருக்கும் இடையே ஒரு பறவை இறந்து கிடந்தது. பச்சை முதுகு, பளிச்சென்ற நீல இறக்கை, அடிவயிற்றில் குங்குமம் தடவியதுபோல் சிவப்பு, கண்ணை மறைத்தோடும் கறுப்புப் பட்டை. அலகோரத்து இரத்தத் துளி இன்னும் காயவில்லை. துப்புரவுப் பணியிலிருந்த புதுக்கோட்டைத் தம்பி அதைக் கையுறையோடு எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க ஊர் ஆறுமணிக்குருவி மாதிரியே இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து, காலையும் மாலையும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுக்கும் அந்தப் பறவைக்கு இது நெருங்கிய உறவு. நீலச் சிறகுப் பிட்டா. மியன்மார், தாய்லாந்துப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆண்டின் கடைசி மாதங்களில் இரவு நேரத்தில் பறந்து மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ வரை வருகிறது. அத்தனை தூரம் வழி தவறாமல் வந்த உயிரை நகர விளக்குகள் தாழ இழுக்கின்றன. விடியலில் இறங்க ஒரு மரம் தேடும்போது, கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யான மரம் என்று நம்பி முழு வேகத்தில் போய் மோதுகிறது.

நம் ஊரில் இது இன்னும் கூடுதலாக வலிக்கிறது. கட்டடத்தை ஒட்டியே மரம் நடுகிறோம், மாடியில் தோட்டம் வைக்கிறோம், அதன் பக்கத்திலேயே ஆளுயரக் கண்ணாடியும் நிறுத்துகிறோம். பசுமை பறவையை அழைக்கிறது, கண்ணாடி அதைக் கொல்கிறது. வலசை வருபவை மட்டுமல்ல, இங்கேயே வாழும் பச்சைப்புறாவும், தாழ்வாகவும் விரைவாகவும் பறக்கும் மரகதப்புறாவும் இப்படித்தான் மடிகின்றன.

கரையோரத்தில் நாம் செய்திருப்பவை பெருமைக்குரியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட சுங்கை பூலோ சதுப்புநிலம், 2002இல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை அதன் சேற்றுப் பரப்பில் உள்ளான்களும் பவளக்காலிகளும் இரை தேடுவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே காணாமல்போயிருந்த இருவாச்சி, 1994இல் புலாவ் உபின் தீவில் ஓர் இணையாக மீண்டும் தென்பட்டது. பெரிய பொந்துள்ள முதுமரங்கள் இல்லாததுதான் அதற்குத் தடை என்று கண்டு கூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள். இன்று அது அடுக்குமாடி வீடுகளின் கைப்பிடிச் சுவரிலேயே வந்து அமர்கிறது. என்ன குறை என்று தெரிந்து அதை மட்டும் சரிசெய்ததால் கிடைத்த பலன் அது.

கண்ணாடிக்கும் மருந்து தெரிந்ததுதான். வெளிப்புறத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் பறவை அதைத் தடையென்று உணர்ந்து விலகுகிறது. பெரிய சுவரில் ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. வலசைக் காலத்தில் ஆளில்லாத மாடிகளின் விளக்குகளை இரவில் அணைப்பதற்குச் செலவே கிடையாது. எங்கள் கட்டட நிர்வாகத்திடம் இவற்றைச் சொன்னபோது, முகப்பின் தோற்றம் கெடும் என்று பதில் வந்தது. நான் அதை ஏற்கவில்லை. என் வீட்டுச் சன்னலில் நானே வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். இரண்டே நாளில் அவை கண்ணுக்குப் பழகிவிட்டன.

அந்தப் பிட்டாவின் படத்தை இணைத்து நிர்வாகத்துக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தின் கீழோ அடுக்குமாடி புளோக்கின் கீழோ இப்படி ஒரு பறவை கிடந்தால், படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் இங்கே குறிப்பிடுங்கள். எந்தச் சுவர் என்று தெரிந்தால்தான் அந்தச் சுவருக்குப் புள்ளி கேட்க முடியும்.