ரூ லெப்பிக்கில் கிழிந்த உடை

போருக்குப் பிந்தைய ஃபேஷன் படங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்றால், நான் எடுப்பது 1947இல் பாரிஸின் மோன்மார்த்ரில் எடுத்த ஒரு படம்.

அந்த பிப்ரவரியில்தான் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரின் முதல் தொகுப்பு வந்தது. ஒடுங்கிய இடுப்பு, குடை மாதிரி விரிந்த நீளப் பாவாடை. ‘நியூ லுக்’ என்று உலகமே கொண்டாடியது. அந்த உடையில் ஒரு மாடலை ரூ லெப்பிக் சந்தைத் தெருவில் நிறுத்திப் படமெடுக்கப் போனார்கள். கடை போட்டிருந்த பெண்கள் விடுவார்களா? கத்தி, தலைமுடியைப் பிடித்து இழுத்து, உடையைக் கிழித்தே விட்டார்கள். அதுவும் படமாகிவிட்டது.

இதைப் ‘பொறாமை’ என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். ரொட்டிக்கே ரேஷன் இருந்த ஊர் அது. அங்கே போய் ஒரு பாவாடைக்கு மீட்டர் மீட்டராகத் துணி! டியோருக்குப் பணம் போட்ட மார்செல் பூசாக் யார் தெரியுமா? பருத்தி ஆலை முதலாளி. பாவாடை அகலமானால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டதே 1945இல்தான். இரண்டே வருஷத்தில், மறுபடி இடுப்பை இறுக்கு என்றார்கள்.

அதே காலத்தில் அமெரிக்க ஃபேஷன் பத்திரிகை ஹார்ப்பர்ஸ் பஜாருக்காகப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் எடுத்த பாரிஸைப் பாருங்கள். அங்கே யாருக்கும் பசியே இல்லை. (படங்கள் அழகு, மறுக்கவில்லை. எனக்கும் பிடிக்கும்.)

அதனால்தான் ‘ஃபேஷன் படம் சமூகத்தின் கண்ணாடி’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மாற்றம் தெருவில் முதலில் நடக்கும். பத்திரிகை அப்புறம்தான் வரும், அதுவும் யாராவது பிடித்துத் தள்ளினால். 1959இல் வெள்ளையரல்லாத மாடலான சைனா மச்சாடோவின் படங்களைப் போட பஜார் தரப்பு தயங்கியபோது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று அதே அவெடான் மல்லுக்கு நின்ற பிறகுதான் அவை அச்சேறின.

1966 மார்ச்சில் பிரிட்டிஷ் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் முதல் கறுப்பினப் பெண்ணாக மாடல் டோன்யேல் லூனா வந்தார். எடுத்தவர் டேவிட் பெய்லி. விரல்களுக்கு நடுவே ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறது, முகத்தின் பெரும்பகுதி கைக்குப் பின்னால். ஸ்டைல் என்பார்கள். கடையில் தொங்கிய அந்த அட்டையைப் பார்த்தவருக்கு அவர் கறுப்பினப் பெண் என்று சட்டென்று தெரிந்திருக்காது. பத்திரிகைக்கு அது வசதியாகவும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.